வேங்கை அண்ணனுக்கு ஒரு பங்கு

பூவிழிக்கு மீசை வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வந்தது. ‘ஏழு கோட்டை’ என்கிற செல்போன் விளையாட்டுக்குள் முதலில் அவள் பெண்ணாகத்தான் நுழைந்தாள். மஞ்சள் பாவாடை, முதுகில் வில், காலில் கொலுசு. ஒரே வாரத்தில் பதினேழு பேர் ‘சாப்ட்டியா’ என்று கேட்டார்கள். ஒன்பது பேர் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார்கள். ராட்சசனை வெட்ட வந்த வீரர்கள் ராட்சசனை அம்போவென்று விட்டுவிட்டு அவள் பின்னாலேயே சுற்றினார்கள். வெறுத்துப்போய் அந்தப் பெண்ணை அழித்துவிட்டு, ஆறடி உயரம், முறுக்கு மீசை, கையில் கோடாலி என்று ஓர் ஆளைச் செய்து ‘வேங்கை’ என்று பேர் வைத்தாள். அதற்கப்புறம் ஒருத்தனும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. மீசை வைத்தவனுக்குப் பசிக்காது போலிருக்கிறது.

நிஜத்தில் அவள் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் இருபது வீடுகள் இருக்கிற இடத்தில் அம்மா இருசம்மாளோடும் புருஷன் சடையனோடும் இருந்தாள். மூன்று பேருக்கும் தொழில் ஒன்றுதான். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி, அகப்படும் இறாலைப் பனையோலைப் பறிக்குள் போடவேண்டும். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியின் வாயைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். நான்கு மணி நேரம் பேச முடியாத வேலை. பூவிழி பிளஸ் டூ படித்தவள், பேசப் பிடிக்கும். அந்தக் கடுப்பில்தான் செல்லில் புகுந்தாளோ என்னவோ. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எட்டு மாதம் பேக்கிங் வேலைக்குப் போன காலத்தில் வாங்கிய செல் அது.

மதியம் இறாலை வியாபாரியிடம் போட்டுவிட்டு வந்ததும் சோறு தின்றுவிட்டு, சிக்னல் கிடைக்கிற கரை மேட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

“போ போ, உன் கோட்டைய எவனாவது தூக்கினு போயிடப் போறான்” என்பான் சடையன். அதற்கு மேல் அவன் கேட்டதில்லை. நல்ல மனுஷன்.

அந்த விளையாட்டை வேறு உலகம் என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். வேறு உலகமாவது! மனுஷன் உள்ளே போகும்போது செருப்பைக்கூடக் கழற்றிவிட்டுப் போவதில்லை. அங்கேயும் காசுள்ளவன் நல்ல வாளாகப் பார்த்து வாங்கிக்கொள்கிறான். அங்கேயும் பெரிய கோட்டைக்காரன் வந்தால் சின்னக் கோட்டைக்காரன் ஓரமாக நிற்கிறான். புதிதாக ஒருத்தன் சேர்ந்தால் என்ன ஆயுதம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். ஊரைச் சொன்னால் தெரு எது என்பார்கள். தெரு எதற்கு என்று நமக்குத் தெரியாதா?

பூவிழி சேர்ந்த கூட்டத்தின் பேர் ‘அலைப்படை’. பதிமூன்று பேர். தலைவன் பேர் கடல்ராசா. அவன் டைப் செய்யமாட்டான், எல்லாவற்றையும் வாய்ஸாகவே போடுவான். பின்னால் படகு மோட்டார் சத்தமும் மீன் ஏலம் போடும் சத்தமும் கேட்கும். பேச்சைக் கேட்டே அவன் ஏரிக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பம் ஏதோ ஒன்றின் பையன் என்று தெரிந்துகொண்டாள். அவள் மட்டும் மைக் ரிப்பேர் என்று சொல்லி டைப் செய்வாள். அவன் அவளை ‘அண்ணே’ என்பான். முதல் தடவை சிரிப்பு வந்தது. போகப் போகப் பழகிவிட்டது.

ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த ஒருவன் வேங்கையிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று ஆரம்பித்தான். என்ன பொய் சொல்லலாம் என்று அவள் யோசிப்பதற்குள் கடல்ராசாவின் குரல் வந்தது. “டேய், இங்க ஊரு, தெருவுன்னு எவனாவது பேசினா தூக்கிடுவேன். கோடாலி புடிக்கத் தெரியுமான்னு மட்டும் கேளு, தெரியுதா?”

அந்த வாய்ஸை அவள் நான்கு தடவை போட்டுக் கேட்டாள்.

அலைப்படையில் ஒரு சண்டை ஓயாமல் இருந்தது. கருங்குகை என்று ஒரு இடம். ஒரு நாளைக்கு ஒரு தடவை அதற்குள் புதையல் வரும். வலுத்தவன் எடுத்துக்கொள்வான், மற்றவன் திட்டிக்கொண்டிருப்பான். படை உடைந்துபோகும் நிலைமைக்கு வந்தது. கடல்ராசாதான் வழி சொன்னான். “எங்க ஏரியில பாடுன்னு ஒண்ணு கீது. பேர் எழுதி சீட்டு போட்டு மொற வச்சிக்குவோம். இன்னிக்கு எனக்கு விழுந்த எடம் நாளைக்கு உனக்கு. எளச்சவன், வலுத்தவன்லாம் கெடயாது. புதுசா ஒரு எடத்த கண்டுபுடிச்சவனுக்கு மொத பாடு. இங்கயும் அதையே வச்சிக்கலாம்.”

சிங்கப்பூரிலிருந்து ஆடும் ஒருத்தன், காசு கொட்டி வாள் வாங்கியவன், தனக்கு இரண்டு பாடு வேண்டும் என்றான். “உன் வாளுக்கு மொற கெடயாது, உனக்குதான் மொற. ஒண்ணுதான்” என்றான் கடல்ராசா. சிங்கப்பூர்க்காரன் அடங்கிப்போனான்.

பாடு என்றால் என்ன என்று பூவிழிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறாள், வெளியே நின்று பார்க்கிறாள். பேர் இருக்கிறவனுக்குத்தான் பாடு. பேர் குப்பத்து ஆண்களுக்குத்தான். அவர்கள் கழி நட்டு வலை கட்டிவிட்டால், கையால் தடவுகிற சனம் பறியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்க வேண்டும். அவள் அப்பா ஒதுங்கினார், அவர் அப்பாவும் ஒதுங்கினார். இப்போது முதல் தடவையாக அவள் பேர் ஒரு சீட்டில் ஏறியது. சொந்தப் பேர் இல்லைதான், அதனால் என்ன? ஐந்தாவது நாள் ‘இன்று வேங்கையின் பாடு’ என்று திரையில் வந்தபோது பன்னிரண்டு பேரும் குகை வாசலில் விலகி நின்று வழி விட்டார்கள். கரை மேட்டில் உட்கார்ந்து அவள் அழுதாள். ஒரு விளையாட்டுக்குப் போய் அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அப்புறம் அவனை அவள் தம்பியாகவே நினைத்துக்கொண்டாள். அவனுக்குப் பெண் பார்த்த இடத்தில், மீன் பிடிக்கிறவனுக்குக் கொடுக்கமாட்டோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்களாம். பதினொரு நிமிஷம் வாய்ஸில் அழுதான். கூட்டத்துக்குப் போடவில்லை, அவளுக்கு மட்டும் போட்டான். ‘உன் தொழிலை மதிக்காத வீட்டுக்கு நீ போகாமல் இருந்ததே நல்லது’ என்று அவள் டைப் செய்தாள். “நீங்க மட்டும் இல்லன்னா அண்ணே…” என்று ஆரம்பித்து அவன் முடிக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து ஏரி இறங்கிய நாட்களில் ஒரு மதியம் அவன் குரல் வேறு மாதிரி வந்தது. “ரெண்டு பாடும் காலி அண்ணே. வலையில வெறும் பாசிதான் வருது. கம்பெனி வேலைக்குப் போலாம்னு கீறேன். செல்லையும் வித்துடுவேன். மன்னிச்சிக்கோங்க.”

பூவிழிக்கு ஓர் இடம் தெரியும்.

ஏரிக்கு நடுவே, மேடான ஒரு பகுதிக்குப் பக்கத்துப் பள்ளத்தில், எப்போதோ மூழ்கிப்போன மரப்படகு ஒன்றின் கட்டைகள் அடியில் கிடந்தன. மேலே ஒன்றும் தெரியாது. வலை போட்டால் கிழியும் என்பதால் குப்பத்துப் படகுகள் சுற்றிக்கொண்டு போய்விடும். மூன்று வருடத்துக்கு முன்னால் பூவிழியின் கால் அந்தக் கட்டையில் தட்டியது. குனிந்து தடவினால், கட்டைக்குக் கட்டை இடுக்கில் வெள்ளை இறால். ஏரி கை விரிக்கும் இரண்டு மாதமும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பள்ளத்தால்தான். பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொன்னதில்லை. இருசம்மாள் மகளிடமும் மருமகனிடமும் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அதைத்தான் பூவிழி சொன்னாள். அம்மாவைக் கேட்கவில்லை, சடையனைக் கேட்கவில்லை. படகுக்காரன் படகுக்காரனுக்கு எப்படிச் சொல்வானோ அப்படியே, லைட்ஹவுஸ் எதற்கு நேராகத் தெரிய வேண்டும், செல்போன் டவர் எந்தப் பனைக்கு மேலே தெரிய வேண்டும் என்று கோடு பார்த்துச் சொன்னாள். ‘உள்ளே கட்டை இருக்கும், வலை கிழியும். வெளிப்பக்கம் நீரோட்டத்தில் கட்டு. உள்ளே கையால தடவுறவங்க வருவாங்க. அவங்களை மட்டும் ஒண்ணும் சொல்லாதே’ என்று டைப் செய்தாள். கண்டுபிடித்தவனுக்கு முதல் பாடு என்று சொன்னவனே அவன்தானே, அவன் மீறுவானா?

உடனே வாய்ஸ் வந்தது. “எங்கம்மா மேல சத்தியம் அண்ணே. அவங்க பக்கமே போமாட்டேன். மொத வலையில உங்களுக்கு ஒரு பங்கு. நீங்களே நேர்ல வந்து வாங்கிக்கணும்.”

எட்டு நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு மூவரும் பள்ளத்துக்குப் போனார்கள். செல்லைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சடையன் தலைப்பாகைக்குள் வைத்திருந்தான். தூரத்திலேயே இருசம்மாள் நின்றுவிட்டாள். வாயில் கவ்வியிருந்த பறி கீழே விழுந்தது.

பள்ளத்தைச் சுற்றிக் கழிகள் நட்டிருந்தன. கழிக்குக் கழி வலை. பக்கத்து மேட்டில், கறுத்து, சிப்பி ஒட்டி, படகுக் கட்டைகள் விறகு மாதிரி அடுக்கிக் கிடந்தன. கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். ஒரு கட்டைகூட உள்ளே விட்டுவைக்கவில்லை.

“நம்ம மூணு பேரத் தவிர எவனுக்குத் தெரியும்?” என்றாள் இருசம்மாள். “எவன் சொன்னான்?”

பூவிழி நட்டிருந்த கழிகளை எண்ணத் தொடங்கினாள்.

ஃபைபர் படகு ஒன்று திரும்பியது. மூன்று இளவட்டங்கள். முன்னால் நின்றவன் கையை ஆட்டினான்.

“ஏ, இன்னாமா, எங்க வர்றீங்க? கழி நட்டிருக்கறது தெரியல? இது இனிமே எங்க பாடு. ஊர்க்கூட்டத்துல எழுதியாச்சு. அந்தாண்ட போங்க.”

ஒன்றரை வருடமாகக் காதுக்குள் வைத்துக்கொண்டிருந்த குரல். அண்ணே என்று கூப்பிட்ட குரல். முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். சின்னப் பையன்தான், மெலிசாக மீசை. சட்டையில்லாத மார்பில் வெள்ளிச் செயின்.

“நாங்க மூணு வருசமா தடவுற எடம்யா இது” என்றான் சடையன்.

“தடவுனா? பேரு எழுதிக் கீதா?”

பின்னால் இருந்தவன் சிரித்தான். “விக்கி, விடுடா. ஓரமா தடவிட்டுப் போட்டும்.”

“எப்படி விடறது? ஒரு ஆள விட்டா நாளைக்கு இருபது பேர் வந்து நிப்பாங்க. ஊர்ல என்னையத்தான் கேப்பாங்க.”

பூவிழி இரண்டு எட்டு முன்னால் வைத்தாள். “இந்த எடத்த யாரு கண்டுபுடிச்சது?”

“நான்தான். அதான் மொத பாடு எனக்குக் குடுத்துக்கிறாங்க.”

“நீயா?”

அவன் கொஞ்சம் தயங்கினான். பொய் சொல்லிப் பழகாதவன் என்று அந்தத் தயக்கத்திலேயே தெரிந்தது. “ஒரு அண்ணன் சொன்னாரு. உங்களுக்கு அவரத் தெரியாது. தங்கமான மனுசன். தோ பாரு, அவருக்குத் தனியா பங்கு எடுத்து வச்சிக்கிறேன்.” படகின் மூக்கில் ஈரச் சாக்கு போட்டு மூடிய ஒரு கூடை இருந்தது. அவன் சாக்கைத் தூக்கிக் காட்டினான். பொறுக்கி எடுத்த பெரிய வெள்ளை இறால், இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

“அந்த அண்ணன், கையால தடவுறவங்கள ஒண்ணும் சொல்லாதன்னு சொன்னாரே. நீயும் உங்கம்மா மேல சத்தியம் பண்ணியே. அது இன்னாச்சு?”

மோட்டாரின் மேல் கை வைத்திருந்தவன் கையை எடுத்தான். விக்கி கையிலிருந்த சாக்கைக் கீழே விட்டான்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் வேங்கை.”

அவன் சிரித்தான். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். பூவிழி அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். “என் பாடு போன வெள்ளிக்கெழம. சிங்கப்பூர்க்காரன் அன்னிக்குக் குறுக்க வந்தான். நீ அவன ஒரு நாள் வெளிய நிறுத்தின. இன்னும் சொல்லட்டா? எனக்கு மட்டும் நீ பதினோரு நிமிசம் பேசினியே, அத சொல்லட்டா?”

சொல்லியிருந்தால் அவன் கூட்டாளிகள் முன்னால் மானம் போயிருக்கும். அவள் சொல்லவில்லை. அவள் சொல்லமாட்டாள் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அந்த ஒரு நொடி அவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். அதில் சந்தேகமே இல்லை. உதடு ‘அண்ணே’ என்று குவிந்து அப்படியே நின்றது.

அதற்கப்புறம் அவன் பார்வை கீழே இறங்கியது. ஈரப் புடவை, கழுத்தில் தொங்கும் பறி, பின்னால் இருசம்மாள், சடையன், அவர்களுக்குப் பின்னால் மேற்குக் கரை. எந்த ஊர், எந்தத் தெரு என்று அவன் வாய் திறந்து கேட்கவில்லை, கண்ணாலேயே கேட்டு முடித்துவிட்டான்.

“ஒன்ற வருசமா என்ன ஏமாத்திக்கினு இருந்தியா?” என்றான். குரல் உடைந்திருந்தது. நடிப்பில்லை, கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. “அண்ணன் அண்ணன்னு எல்லாத்தையும் கொட்டினேனே. என் வீட்டு விசயம் மொத்தமும் சொன்னேனே. இப்படி ஒரு துரோகம் பண்ண எப்படி மனசு வந்துது உனக்கு?”

கட்டையைப் பிடுங்கிப் போட்டது யார், கழி நட்டது யார், அம்மா மேல் பண்ணின சத்தியத்தைக் காற்றில் விட்டது யார்? துரோகம் என்கிற சொல்லையும் அவனே எடுத்துக்கொண்டான். அவளுக்கென்று அதைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

“சத்தியம்?” என்றாள்.

“அது அண்ணனுக்குப் பண்ணது. ஊர்ல எடத்த சொன்னதும் கட்டைய எடுத்துடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ஒருத்தன் இன்னா பண்றது? அண்ணன் வந்தா புரிய வச்சிக்கலாம்னு இருந்தேன்.”

“வந்துக்கிறேன். புரிய வை.”

அவன் குனிந்து கூடையைத் தூக்கினான். ஒரு கணம், கொடுத்துவிடுவான் என்றுதான் பூவிழி நினைத்தாள். அவள் கைகூட லேசாக நீண்டது. அதை நினைத்து இன்றைக்கும் அவளுக்கு அவமானமாக இருக்கிறது. அவன் கூடையைப் படகுக்குள்ளே, மற்ற இறாலோடு கவிழ்த்துக் கொட்டினான். கோபமாகக் கொட்டவில்லை. வீடு மாறிக் கொடுக்கவிருந்த கல்யாணப் பத்திரிகையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொள்கிறவன் மாதிரி, தப்பு நடக்காமல் தப்பித்தோம் என்கிற நிதானத்தோடு கொட்டினான்.

“உன் பொண்டாட்டிய கூட்டினு போயா” என்று சடையனிடம் சொன்னான். மோட்டார் உறுமியது.

சடையன் ஏதோ கத்தினான். படகு போன அலை வந்து மூவரின் இடுப்பிலும் மோதியது. இருசம்மாள் மகளைப் பார்த்தாள். “நீயா சொன்ன?” என்று கேட்டாள். பூவிழி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். இருசம்மாள் ஏசவில்லை, அடிக்கவில்லை. தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த தன் பறியை எடுத்து உதறி, கரையைப் பார்க்க நடக்க ஆரம்பித்தாள். ஏரி கை விரிக்கும் இரண்டு மாதத்துக்கு இனி அடுப்பு எரிய வழியில்லை.

கரை மேட்டில் ஏறியதும் சடையன் செல்லை எடுத்து நீட்டினான். “எதுனா அனுப்பிக்கிறானா பாரு, பேமானி.”

அனுப்பியிருந்தான். விடிகாலை ஐந்தரைக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று, ஆறே முக்காலுக்கு ஒன்று. மூன்றும் வாய்ஸ். அதற்குக் கீழே, ஐந்து நிமிஷத்துக்கு முன்னால், ‘அலைப்படையிலிருந்து வேங்கை நீக்கப்பட்டார்’ என்று ஒரு வரி.

அவள் மூன்றையும் வரிசையாகப் போட்டுக் கேட்டாள். “அண்ணே, மொத வலை தூக்கிட்டோம். நீங்க சாமிண்ணே.” “அண்ணே, உங்க பங்க நானே பொறுக்கி எடுத்துக்கிறேன், பெருசு பெருசா.” “அண்ணே, எங்க கீறீங்க? எந்தக் கரைன்னு மட்டும் சொல்லுங்க, நானே படகுல கொண்டாந்து தர்றேன். உங்கள ஒரு தடவ கண்ணால பாக்கணும்.”

ஒரு சொல்லாவது பொய்யாக இருக்கக்கூடாதா என்று மறுபடியும் போட்டுக் கேட்டாள். பொய்யாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்துவிடலாம். இல்லை. எல்லாம் நிஜம். அத்தனை பாசமும் நிஜம். ஏரியில் எந்தக் கரைக்கு வேண்டுமானாலும் கொண்டுவந்து கொடுத்திருப்பான், இந்தக் கரையைத் தவிர.